துரையின் கையெழுத்து

போர்க்காலத் தளபதிகள் கையொப்பமிட்டுக் கொடுத்த நிழற்படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு. அந்தத் தேடலின் ஒரு தடம் ஊவா மலைகளுக்குள்ளும் வருகிறது. தியத்தலாவைக் கைதிமுகாம் முதல் தோட்டத்துப் பங்களா வரை, அந்தப் படங்கள் வந்த வழியையும் போன வழியையும் பின்தொடர்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

1902 மே 31ஆம் திகதி தென்னாபிரிக்காவில், பிரித்தானியருக்கும் போயர்களுக்கும் நடந்த போரை முடித்துவைத்த சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. செய்தி வந்து சேர்ந்தபோது தியத்தலாவையின் முட்கம்பி வேலிக்குள் ஆயிரக்கணக்கான போயர் கைதிகள் இருந்தார்கள். இனி ஊருக்குப் போகலாம். ஆனால் கப்பல் ஏறுமுன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பிரித்தானிய மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழி அது. பெரும்பாலானோர் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சிலர் கடைசிவரை மறுத்தார்கள்.

அப்படி மறுத்த ஒருவர் ஹென்றி எங்கல்பிரெக்ட். நாடு திரும்ப வழியில்லாமல் அம்பாந்தோட்டையில் தங்கிவிட்டார். பின்னர் யால காட்டின் முதல் பொறுப்பாளரானார். முதல் உலகப்போரின்போது ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் சிறைக்கும் போனார். 1922இல் இந்த மண்ணிலேயே இறந்தார். ஒரு கையெழுத்தைப் போடாததற்கு அவர் கொடுத்த விலை ஒரு நாடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், உறுதிமொழித் தாளில் பேனா வைக்கத் தயங்கிய அதே கைதிகள், கேட்டவர்களுடைய ஆல்பங்களிலெல்லாம் தாராளமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெயர், சொந்த ஊர், பிடிபட்ட இடம், திகதி என்று அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்று தென்னாபிரிக்காவிலும் இங்கிலாந்திலும் போர்க்கால ஆவணம் சேர்ப்பவர்கள், ‘தியத்தலாவை’ என்ற பெயரைக் கண்டதும் நின்று பார்ப்பது அந்த ஆல்பங்களாலும் படங்களாலும்தான். பதுளை மாவட்டத்தில் பிறந்த நம்மில் பலர், இப்படியொன்று நம் மலையிலிருந்து போயிருக்கிறது என்பதே தெரியாமல் அந்த ஊரைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

முட்கம்பிக்குள் ஓர் ஊர்

தியத்தலாவையைப் பிரித்தானியர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் எளியவை. கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் உயரம், குளிர்ந்த காற்று, மரமில்லாத பதனைப் புல்வெளி, தப்பியோடினால் ஒளிய இடமில்லாத நிலம். 1894இல் பண்டாரவளை வரை வந்துவிட்ட ரயில்பாதை முகாமின் வாசலைத் தொட்டுக்கொண்டு போனது. பதுளைக்கு ரயில் வர 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்நாளில் தியத்தலாவை எவ்வளவு வசதியான இடம் என்பது விளங்கும்.

1900 ஆகஸ்டில் முதல் தொகுதிக் கைதிகள் கொழும்பில் இறங்கினார்கள். போர் முடியுமுன் சுமார் ஐயாயிரம் பேர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ராகமை, கல்கிசை, அம்பாந்தோட்டை, ஊருகஸ்மங்சந்தி ஆகிய இடங்களிலும் சிறு முகாம்கள் இருந்தன, பெரியது தியத்தலாவை. தகரக் கொட்டகை வரிசைகளில் பதின்ம வயதுப் பையன்கள் முதல் தாடி நரைத்த கிழவர்கள் வரை அடைபட்டிருந்தார்கள். சிறைப்பட்ட தளபதிகளில் இருவர் பெயர் பெற்றவர்கள். ஒருவர் போதகராக இருந்து போர்முனைக்குப் போன பால் ரூ. இன்னொருவர் 1900 ஆகஸ்ட் இறுதியில் பிடிபட்ட ஜான் ஒலிவியர்.

பொழுது போக வேண்டுமே! பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வாத்தியக் குழு வைத்தார்கள். மரத்திலும் எலும்பிலும் சிறு பொருட்கள் செதுக்கி விற்றார்கள். ‘டி ஸ்ட்ரேவர்’, ‘டி பிரிக்கல்டிராட்’ என்று பத்திரிகைகள் நடத்தினார்கள். இரண்டாவதன் பெயருக்கு முட்கம்பி என்று பொருள். 1901 ஜூலையில் கைதிகளின் கிரிக்கெட் அணி கொழும்புக்குப் போய் கோல்ட்ஸ் கழகத்தோடு ஆடிவிட்டு முகாமுக்குத் திரும்பியது. போர்க்கைதிகள் இரு நாள் விடுப்பில் வந்து விளையாடிய அந்த ஆட்டத்தைக் கிரிக்கெட் வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள்.

அந்தக் காலம் நிழற்படத்துக்கும் பொற்காலம். கொழும்பிலும் கண்டியிலும் ஸ்கீன் நிறுவனம் பல ஆண்டுகளாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தது. 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. உலகச் செய்தியாகிவிட்ட ஒரு போரின் கைதிகள் ரயிலில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறார்கள் என்றால் கமரா சும்மா இருக்குமா? தளபதிகள் நாற்காலியில், உதவியாளர்கள் பின்னால், கொட்டகை பின்னணியில் என்று படங்கள் எடுக்கப்பட்டன. தடித்த அட்டையில் ஒட்டிய அந்தப் படங்களின் கீழ்விளிம்பில் கையெழுத்துக்கு இடமிருந்தது. கைதிகளுக்கு அது நண்பர்களுக்கான நினைவுப்பொருள். காவலுக்கு நின்ற அதிகாரிகளுக்கு ஊருக்குக் கொண்டுபோகும் வெற்றிச்சின்னம். ஒரே படம் இரண்டு பக்கத்தாருக்கும் இரண்டு பொருள் தந்தது.

முகாமில் காய்ச்சலாலும் பிற நோய்களாலும் இறந்தவர்களின் பெயர்களை தியத்தலாவை இடுகாட்டின் நினைவுச்சின்னம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆல்பத்தில் ஒரு கையெழுத்து, கல்லில் அதே பெயர் என்று பொருத்திப் பார்க்க முடிந்தால் அது வெறும் சேகரிப்பு இல்லை; ஒருவருடைய கடைசி மாதங்களின் சாட்சி.

துரைமார் படை

போயர்கள் ஊவாவுக்கு வந்த அதே 1900இல் ஊவாவிலிருந்தும் மற்ற மலைநாட்டுப் பகுதிகளிலிருந்தும் துரைமார்கள் போயர்களோடு போரிடத் தென்னாபிரிக்கா போனார்கள். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்களை வைத்தே அந்த ஆண்டில் இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை உருவானது. பெயரே சொல்வதுபோல அது முழுக்கத் துரைமார் படை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணிக்கை பார்த்த சின்னத்துரை, வார இறுதியில் காக்கிச் சட்டையில் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவார்.

1914இல் முதல் உலகப்போர் வெடித்ததும் இந்தப் படையிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பல் ஏறினார்கள். சூயஸ் கால்வாய்க் காவலுக்குப் பின், கலிப்பொலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து (அன்சாக்) படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி வில்லியம் பேர்ட்வுட்டின் தலைமையகக் காவல் இவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பலர் பின்னர் பிரித்தானிய, இந்தியப் படைகளில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. 1949இல் இந்தப் படை கலைக்கப்பட்டது.

தோட்டத்துப் பங்களாவின் வரவேற்பறையை அறிந்தவர்களுக்கு அந்தச் சுவர்கள் நினைவிருக்கும். கணப்படுப்பின் மேல் வெள்ளிச்சட்டம் போட்ட படங்கள்: படைப்பிரிவின் குழுப்படம், கழுத்துப்பட்டை இறுகிய ஒரு கேணல், ஓரமாகச் சாய்வாக ஒரு பெயர், கீழே ஓர் ஆண்டு. படையில் கூட இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கையெழுத்திட்ட படம் கொடுப்பது அதிகாரிகள் மத்தியில் வழக்கம். பெரிய தளபதியின் படம் கையெழுத்தோடு கிடைத்தால் விருந்தாளி வரும்போதெல்லாம் அதைக் காட்டிப் பேசலாம். பங்களா அப்பு ஒவ்வொரு வாரமும் அந்தச் சட்டங்களைத் துடைத்து வைப்பார். யார் என்று அவர் கேட்டிருக்க மாட்டார், சொல்லவும் மாட்டார்கள்.

இரண்டாம் உலகப்போரில் மலைநாடு முழுவதுமே ஒரு பின்தளம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையை. கொழும்புத் தாக்குதலுக்கு முந்தைய நாளே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பிவிட்டுப் பிடிபட்டவர் கனடிய விமானி லியனார்ட் பேர்ச்சல். 2004 வரை வாழ்ந்த அவருடைய கையெழுத்தை இன்றும் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள். குண்டுக்குப் பயந்து கொழும்புப் பள்ளிகள் மலையேறின. குருத்தலாவையில் புனித தோமையார் கல்லூரியின் கிளை 1942இல் தொடங்கியது அப்படித்தான். தியத்தலாவை மறுபடியும் தடுப்பு முகாமானது. ஜெர்மனியில் பிறந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, ஞானதிலோக்க தேரர் உள்ளிட்ட பௌத்தத் துறவிகள்கூட அங்கே அடைக்கப்பட்டு, பிறகு இந்தியாவின் தேராதூனுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார் லூயி மவுண்ட்பேட்டன். பேராதனைப் பூங்காவில் அலுவலகம். கையெழுத்திட்ட படத்தைப் பரிசாகக் கொடுப்பது அவர் பிறந்து வளர்ந்த அரச குடும்பங்களின் பழக்கம். அவர் படங்கள் மலைநாட்டுச் சுவர்களில் ஏறியதில் வியப்பில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கையெழுத்துகளின் பெயர்கள் மாறின. 1949இல் உருவான இலங்கை இராணுவத்துக்கு முதல் இரு தளபதிகளும் பிரித்தானியர். 1955இல் அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அன்டன் முத்துக்குமாரு, ஒரு தமிழர். உலகப்போர்க் காலத்தில் பணியாற்றிய அதிகாரி. 1946இல் லண்டன் வெற்றி அணிவகுப்பில் இலங்கைப் பிரிவை நடத்திச் சென்றவர். புதிய இராணுவம் தன் ஆட்களைப் பழக்கிய இடமும் அதே தியத்தலாவைதான். முத்துக்குமாரு கையொப்பமிட்ட படம் ஒன்று எவர் வீட்டிலாவது இருந்தால், அது மவுண்ட்பேட்டன் படத்தைவிட நமக்கு அரிது.

அசலா, போலியா?

சேகரிப்பாளர்களின் உலகில் முதல் கேள்வி இதுதான். கையெழுத்துக்கு விலை உண்டென்றால் கள்ளக் கையெழுத்துக்கும் சந்தை உண்டு. நம்மூரில் ஒரு பழைய படம் கைக்கு வந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில இருக்கின்றன.

முதலில் கையெழுத்திட்டவர் தம்மை எப்படி அழைத்துக்கொண்டார் என்று பாருங்கள். மவுண்ட்பேட்டன் கண்டியில் இருந்தபோது லூயி மவுண்ட்பேட்டன். ‘பர்மாவின் மவுண்ட்பேட்டன்’ என்ற பட்டம் 1946இல்தான் வந்தது. எனவே 1944 என்று திகதியிட்டு, ‘மவுண்ட்பேட்டன் ஆஃப் பர்மா’ என்று கையெழுத்திட்ட படம் உங்களிடம் வந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். ‘மொண்ட்கொமரி ஆஃப் அலமைன்’ என்பதும் அப்படியே. அதுவும் 1946இன் பட்டம்.

அடுத்தது பேனா. குமிழ்முனைப் பேனா பொதுச்சந்தைக்கு வந்தது 1945இன் கடைசியில். நாரிழை முனைப் பேனாக்கள் அதற்கும் பின்னால். 1916 என்று எழுதிய கலிப்பொலி அதிகாரியின் கையெழுத்து குமிழ்முனையின் ஒரே தடிப்புக் கோடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மைப்பேனாவின் கோடு அழுத்தத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் போகும். பழைய இரும்பு மை காலப்போக்கில் பழுப்பேறும்.

மூன்றாவது, தாள். 1950களிலிருந்து நிழற்படத் தாளில் வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டறையில் புறஊதா விளக்கை அடித்தால் அத்தகைய தாள் நீலவெள்ளையாக ஒளிரும். பழைய தாள் மங்கியே இருக்கும். பணத்தாள் சோதிக்கும் சிறு விளக்கே இதற்குப் போதும். பிளாஸ்டிக் பூச்சுள்ள வழுவழுப்பான தாள் 1970களில் பரவியது. அதில் போயர் தளபதி இருந்தால், படம் மறுபிரதி. கையெழுத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான்காவது, உருப்பெருக்கிக் கண்ணாடி. கையெழுத்தும் படமும் சேர்ந்து சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சடித்தது. போயர் போரின்போது ஓக்டன்ஸ் சிகரெட் பெட்டிகளில் தளபதிகளின் படங்கள் வந்தன. தபாலட்டைகளும் ஏராளம். அவற்றில் சில அச்சடித்த கையெழுத்தோடு வந்தவை. அசல் மை தாளின் மேல் உட்காரும். பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி சாய்த்தால் மினுங்கும்.

கடைசியாக வரலாற்று அறிவு. பதுளை புனித மார்க் தேவாலயத்தில் நினைவுக்கல் உள்ள மேஜர் தோமஸ் ரோஜர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேசப்படும் மனிதர். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அட்டையில் ஒட்டிய சிறு உருவப்படங்கள் பாரிஸில் காப்புரிமை பெற்றதே 1854இல்தான். ரோஜர்ஸ் கையெழுத்திட்ட அட்டைப் படம் என்று யாராவது கொண்டுவந்தால் சிரிக்காமல் அனுப்பிவைப்பது உங்கள் பொறுப்பு.

இத்தனை சோதனையையும் தாண்டி மிகப் பெரிய சாட்சி ஒன்றுண்டு: படம் கைமாறி வந்த வரலாறு. ‘இன்னாருக்கு, இன்ன இடத்தில்’ என்று எழுதிக் கொடுத்த படத்துக்குச் சந்தையில் சில சமயம் விலை குறைவு. பெயர் மட்டும் இருந்தால் கூடுதல். வரலாற்றுக்கோ நேர் எதிர். யாருக்குக் கொடுத்தார் என்ற அந்த ஒரு வரிதான் பாதி உண்மை. அதை வெட்டியெறிந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆல்பத்திலிருந்து படத்தைக் கிழித்தெடுத்து, பின்புறத்தில் கறுப்புத் தாள் ஒட்டியபடியே தனித்தனியாக விற்பவர்களும் இருக்கிறார்கள். ஐம்பது படமுள்ள ஓர் ஆல்பம் ஒரு கதை. உதிர்த்துவிட்டால் ஐம்பது ஊமைகள்.

எவருடைய வீரர்?

படைத்தலைவர் படத்தைச் சேர்ப்பது புகழ்பாடுவதாகுமா? உலகெங்கும் இந்த வாதம் ஓயவில்லை. நாஜிக் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் 1956இல் சிறையிலிருந்து வெளிவந்து 1980இல் இறக்கும்வரை, கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்குப் படத்தில் கையெழுத்திட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றை வாங்கியவர்களில் ஆய்வாளரும் உண்டு, ஆராதகரும் உண்டு. படம் ஒன்றேதான், வைத்திருப்பவர் அதன் கீழ் என்ன எழுதி வைக்கிறார் என்பதில்தான் வேறுபாடு.

ஊவாவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 1817–18இல் இங்கே எழுந்த கிளர்ச்சியைப் பயிரையும் ஊரையும் எரித்து அடக்கியவை பிரித்தானியப் படைகள். அந்தச் சீருடையை எந்தச் சிங்களக் கிராமமும் அன்போடு நினைப்பதில்லை. தமிழர்களுக்கு மிகச் சமீபத்திய காயங்கள் உண்டு. தியத்தலாவைக்குப் பக்கத்திலேயே பண்டாரவளையை ஒட்டி இருக்கிறது பிந்துனுவெவ. 2000 அக்டோபர் 25ஆம் திகதி அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து, அரசின் காவலில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. 2005இல் உயர்நீதிமன்றம் கடைசிக் குற்றவாளிகளையும் விடுவித்தது. நூறாண்டுக்கு முன் அந்நிய மண்ணில் காய்ச்சலில் இறந்த போயர் கைதிக்குப் பக்கத்து ஊரில் பெயர் பொறித்த கல் இருக்கிறது என்பதை இதோடு வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆகவே அதிகாரியின் படத்தை எரிக்கவும் வேண்டாம், மாலை போடவும் வேண்டாம். ஆவணமாக வைத்திருப்போம். ஆவணம் என்றால் அது முழுவதையும் படிக்க வேண்டும். கையெழுத்து உள்ள மூலையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது.

அதே பேனா, வேறு தாள்

படத்தில் கையெழுத்திட்ட துரையின் பேனா வேறு தாள்களிலும் ஓடியது. அவற்றில் ஒன்று ‘துண்டு’. கங்காணியின் கீழுள்ள ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவர்கள் பேரில் உள்ள கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும். ஒரு குடும்பத்தின் உழைப்பும் கடனும் ஒரு காகிதத்தில் கைமாறின. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழிக்கும்வரை மலைநாட்டில் மிக வலிமையான கையெழுத்து அதுவே. வேலையிலிருந்து நிறுத்தி அனுப்பும் பற்றுச்சீட்டிலும் துரை கையெழுத்து இருந்தது. எதிர்ப்பக்கத்தில் பெரும்பாலும் பெருவிரல் ரேகை.

போர்ப்படங்களின் சட்டத்துக்குள் வராத சரித்திரமும் உண்டு. 1940இல் பிரித்தானியா ஐரோப்பாவில் போரில் இருந்தபோது, பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர் சபையோடு கலந்து பேச நிர்வாகம் இணங்க வேண்டியதாயிற்று என்றும், அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துவிட்டார்கள் என்றும் லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாறு சொல்கிறது. அந்தச் சபையில் இருந்தவர்கள் கையொப்பமிட்ட படம் எந்தச் சுவரிலும் தொங்கவில்லை.

பெயர் நிற்பவர்களுக்கும் நிற்காதவர்களுக்கும் உள்ள இந்த இடைவெளியை ஒரே நிழற்படக் கலைஞரின் வேலையில் காணலாம். ஜூலியா மார்கரெட் கமரன் இங்கிலாந்தில் கவிஞர் டென்னிசனையும் வானியலாளர் ஹேர்ஷலையும் படமெடுத்தபோது அட்டையில் அவர்களின் கையெழுத்தையும் வாங்கினார். 1875இல் இலங்கை வந்து இங்குள்ள தொழிலாளர்களையும் கிராமத்தவர்களையும் படமெடுத்தார். படங்கள் அழகானவை, உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் உள்ளவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. 1879இல் இறந்த கமரனின் கல்லறை பொகவந்தலாவையில் பெயரோடு இருக்கிறது.

தோட்டத்துக் குழுப்படங்களும் அப்படியே. நடுநாற்காலியில் துரை. பக்கத்தில் சின்னத்துரை. நின்றபடி கண்டக்டர், டீமேக்கர், கணக்கப்பிள்ளை, தலைப்பாகையோடு பெரிய கங்காணி. தரையில் கால் மடித்துக் குந்தியவர்கள் வரிசைக்குப் பெயரே கிடையாது. கையெழுத்து ஒன்று இருந்தால் அது நாற்காலிக்காரருடையது.

போன வழி

1975இல் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதற்கு முன்னும் பின்னும் துரைமார்கள் கப்பல் ஏறினார்கள். வெள்ளிச்சட்டங்கள் அவர்களோடு போயின. சட்டமில்லாத படங்கள் ஏலத்துக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போயின. இங்கிலாந்தில் அந்தக் குடும்பங்களின் முதியவர்கள் இறந்ததும் பேரப்பிள்ளைகள் பெட்டியைத் திறந்து, யாரென்று தெரியாமல் ஏலக்காரரிடம் கொடுக்கிறார்கள். ஊவாவின் படங்கள் சந்தைக்கு வருகிற வழிகளில் இதுவும் ஒன்று.

நம்முடைய படங்கள் போன வழி வேறு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. கடவுச்சீட்டுக்காக எடுத்த படமே பல லயத்துக் குடும்பங்களுக்கு முதல் படம். அது இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது சுவரில் மாட்டியிருந்தவையும் எரிந்தன. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, இறந்தவர்களின் முகம் காட்டப் படம் தேட வேண்டிய நிலை சில குடும்பங்களுக்கு வந்தது.

சட்டம் கைகொடுக்குமா? 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச்சட்டம் பழம்பொருள் என்பதற்கு 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைக்கிறது. நிழற்படம் கண்டுபிடிக்குமுன் வரைந்த கோடு அது. ஆகவே இலங்கையில் எடுத்த எந்தப் படமும் அந்தச் சட்டத்தின் கண்ணில் பழம்பொருள் ஆகாது. பாதுகாப்பு நம் கையில்தான்.

வீட்டிலேயே செய்யலாம்

ஊவாவின் ஈரம் படத்துக்கு எமன். ஹப்புத்தளை மூடுபனியில் ஒரு வருடம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்த படத்தைப் பிரித்தெடுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். எனவே சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடியுங்கள். ஒட்டும் பக்கங்களுள்ள பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். அமிலமில்லாத தாளுறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, தரையிலிருந்து உயரத்தில், வெளிச்சுவரைத் தொடாத அலுமாரியில் வையுங்கள். பூச்சிக்கு வைக்கும் உருண்டை படத்தைத் தொடக்கூடாது. கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் உலர்ந்த காலம். பெட்டியைத் திறந்து பார்க்கவும் பிரதி எடுக்கவும் அதுவே தோதான பருவம். அக்டோபர் மழை தொடங்குமுன் மூடிவிடுங்கள்.

கையெழுத்துள்ள படம் கிடைத்தால் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுங்கள். பின்புறத்து முத்திரையும் பென்சில் குறிப்பும் முக்கியம். பெயர் தெரிந்தால் பிரித்தானிய அரசிதழிலும், பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டிலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். விற்பதானால் விற்கலாம், அது உங்கள் பொருள். ஆனால் ஆல்பத்தை உடைக்காமல் விற்கவும், விற்குமுன் ஒரு பிரதியைக் கொழும்புத் தேசிய சுவடிகள் காப்பகத்துக்கோ நூலகம் நிறுவனத்தின் எண்ணிமக் காப்பகத்துக்கோ கொடுத்துவிட்டு விற்கவும். நாட்டுக்கு வெளியே அனுப்புவதானால் 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதுளை, பசறை, லுணுகலை, வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை வாசகர்களுக்கும், இங்கிருந்து போய்த் தமிழ்நாட்டில் வாழும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் துரை படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதைவிட முதலில், உங்கள் தாத்தா தரையில் குந்தியிருக்கும் படத்தை எடுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, வரிசையாக யார் யார் என்று கேளுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்தில் பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு எழுதுங்கள். துரைமார்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். நம்மவர்களின் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.